சைல்டு சப்போர்ட்டும் அரசு மானியமும்: அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் குடும்ப உதவிக் குழு ஒன்று இருக்கிறது. பிரிந்து வாழும் அம்மாக்களும் அப்பாக்களும் அங்கே கேட்கும் சந்தேகங்களில் பாதி, சைல்டு சப்போர்ட்டை, அதாவது பிரிந்து போன அப்பாவோ அம்மாவோ பிள்ளைக்காகக் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகையைப் பற்றியவை. ‘வசூலை மேம்படுத்த மத்திய அரசு மானியம்’ என்று எங்காவது செய்தி வந்துவிட்டால் அந்த வாரம் தொலைபேசி ஓயாது. பதில்களை ஓரிடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் தொண்டைத் தண்ணீர் மிச்சம் என்று தொகுத்தேன். நான் வழக்கறிஞர் அல்ல. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

அக்கா, சைல்டு சப்போர்ட்டுக்கு அரசு மானியம் கொடுக்கிறதாமே, நான் எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

அந்த மானியம் உங்களுக்கானது அல்ல. அம்மா, அப்பா யார் கைக்கும் அது வராது. தொகையை வசூலித்துத் தரும் மாநில அலுவலகம் தன் வேலையைச் சீராகச் செய்வதற்காக வாஷிங்டன் கொடுக்கும் பணம் அது.

நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது மானியத்துக்கு அல்ல, சேவைக்கு. உங்கள் மாநிலத்தின் பராமரிப்புத் தொகை அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் போதும். விண்ணப்பக் கட்டணம் அதிகபட்சம் 25 டாலர். பல மாநிலங்களில் அதுவும் வாங்குவதில்லை. அலுவலகத்தின் பெயர்தான் ஆளைக் குழப்பும். டெக்சாஸில் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் இதைச் செய்கிறது, ஃபுளோரிடாவில் வருவாய்த் துறை, கலிஃபோர்னியாவில் இதற்கென்றே ஒரு துறை.

இந்த அலுவலகம் உண்மையில் என்னதான் செய்யும்?

பிரிந்து போனவர் எங்கே இருக்கிறார், எங்கே வேலை செய்கிறார் என்று தேடும். தேவைப்பட்டால் மரபணுச் சோதனை மூலம் தந்தை யார் என்பதை உறுதி செய்யும். தொகையை நிர்ணயித்து ஆணை பெற்றுத் தரும். வசூலித்து அனுப்பும். நிலைமை மாறினால் ஆணையைத் திருத்தவும் உதவும். விவாகரத்து வாங்கித் தருவதும், பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று வழக்காடுவதும் அதன் வேலை அல்ல.

1975 ஜனவரியில் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்த திட்டம் இது. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் தலைப்பில் ‘டி’ பகுதியாகச் சேர்ந்ததால் அலுவலகத்தில் எல்லாரும் ‘ஃபோர்-டி’ என்பார்கள். இன்று 50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், குவாம், போர்ட்டோ ரிக்கோ, வர்ஜின் தீவுகள் என 54 திட்டங்களும், அவற்றுடன் பூர்வகுடி இனங்கள் தாமே நடத்தும் சுமார் 60 திட்டங்களும் இயங்குகின்றன. ஆண்டு வசூல் ஏறத்தாழ 3,000 கோடி டாலர். அதில் பெரும்பகுதி சம்பளத்திலிருந்து நேராகப் பிடித்தது.

செலவை யார் ஏற்கிறார்கள்? வாஷிங்டனா, மாநிலமா?

இருவரும்தான். மாநில அலுவலகம் செலவழிக்கும் ஒவ்வொரு 100 டாலருக்கும் 66 டாலரை மத்திய அரசு திருப்பித் தருகிறது. மீதி 34 மாநிலத்தின் பங்கு. இதற்கு மேல்வரம்பு கிடையாது. மாநிலம் கூடுதலாகச் செலவழித்தால் வாஷிங்டனும் கூடுதலாகத் தந்தாக வேண்டும். செய்தித்தாளில் ‘மானியம்’ என்று வருவது பெரும்பாலும் இதுவல்ல. இது அடிப்படைச் சோறு.

இரண்டாவது, ஊக்கத்தொகை. 1998-இல் வந்த சட்டத்தின்படி ஐந்து அளவுகோல்களில் மாநிலம் வாங்கும் மதிப்பெண்ணுக்கு ஏற்ப இந்தப் பணம் பிரிகிறது. 2008-இல் மொத்தத் தொகை 48.3 கோடி டாலர். அதன்பின் விலைவாசிக்கு ஏற்பக் கணக்கிடுகிறார்கள். இந்தப் பணத்தை இந்தத் திட்டத்திலேயே மறுபடி போட வேண்டும், பாலம் கட்டப் போகக் கூடாது. ஊக்கத்தொகையையே செலவாகக் காட்டி அதற்கும் 66 சதவீதம் வாங்கும் வழி முன்பு இருந்தது. 2005-ஆம் ஆண்டுப் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம் அதை 2007 அக்டோபரிலிருந்து அடைத்தது. பொருளாதார நெருக்கடியை ஒட்டி 2009-இல் தற்காலிகமாகத் திறந்து, 2010 செப்டம்பருடன் மறுபடி மூடிவிட்டார்கள்.

மூன்றாவதுதான் உண்மையான மேம்பாட்டு மானியங்கள். முதல் இரண்டோடு ஒப்பிட்டால் தொகை மிகச் சிறியது, ஆனால் புதிய யோசனைகள் பிறப்பது அங்கேதான். ஆறாம் கேள்வியில் அதை விரிவாகச் சொல்கிறேன்.

அப்படியானால் என் பிள்ளைக்கு வரும் தொகையில் அரசு பங்கு எடுக்குமா?

ஏழைகளுக்கு அரசு தரும் ரொக்க உதவியை ஒருபோதும் பெறாத குடும்பம் என்றால், ஆண்டுக்கு 35 டாலர் கட்டணம், அதுவும் அந்த ஆண்டு 550 டாலர் வசூலான பிறகுதான். சில மாநிலங்கள் அதைத் தாங்களே கட்டிவிடுகின்றன.

ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவியை வாங்குகிறவர்களின் கதை வேறு. உதவி பெறும் காலம் முழுவதும் பராமரிப்புத் தொகைக்கான உரிமையை அரசுக்கு எழுதிக்கொடுத்தாக வேண்டும். தந்தை கட்டுவதில் பெரும்பகுதி உதவிச் செலவை ஈடுகட்டப் போய்விடும். தன் பிள்ளைக்கு என்று நினைத்து அவர் கட்ட, பிள்ளையின் தட்டில் பெரிதாக ஒன்றும் விழாது. இந்தத் திட்டத்தில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத இடம் இதுதான். 2017-இல் கொலராடோ, நடப்பு மாதத் தொகை முழுவதையும் குடும்பத்துக்கே கொடுத்துவிடும் முதல் மாநிலமானது. உங்கள் மாநிலம் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு கிரீன் கார்டு இல்லை, எச்-4 விசாவில் இருக்கிறேன். இங்கே போய்க் கேட்கலாமா? ஆங்கிலமும் தடுமாறும்.

கேட்கலாம். இந்தச் சேவைக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை. வசூலாகி வருவது அரசின் தருமப் பணமும் அல்ல, உங்கள் பிள்ளையின் தந்தையோ தாயோ கட்டும் பணம்.

மொழிக்கும் வழியுண்டு. மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் எந்த அலுவலகமும் பிறந்த நாட்டைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பு. மேலே சொன்ன 66 டாலரோடு இந்தக் கடமையும் சேர்ந்தே வருகிறது. “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். தொலைபேசி வழியாகச் சேர்ப்பது வழக்கம். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அப்பாவைப் பற்றி அம்மா சொல்வதையெல்லாம் அந்தக் குழந்தையின் வாயால் சொல்லவைப்பது கொடுமை.

மேம்பாட்டு மானியம் என்றால் ஒன்றா, பலவா?

முக்கியமாக மூன்று. முதலாவது, சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1115-ஆம் பிரிவில் வரும் செயல்விளக்க மானியம். வழக்கமான விதிகளைத் தளர்த்தி மாநிலம் ஒரு புது முறையைச் சோதித்துப் பார்க்க இது இடம் தரும். ஆனால் பிள்ளைகளின் பொருளாதார நிலை உயர வேண்டும் அல்லது திட்டத்தின் செயல்பாடு மேம்பட வேண்டும். ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பாதகமாக எதையும் மாற்றக் கூடாது. இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. மூன்றாம் கேள்வியில் சொன்ன 34 டாலர் மாநிலப் பங்கில் பெரும்பகுதியை இந்த மானியம் ஏற்றுக்கொள்ளும். அதனால் மாநிலம் கைக்காசு கொஞ்சம் போட்டால் போதும், பல மடங்கு பெரிய திட்டத்தை நடத்தலாம்.

இரண்டாவது, சிறப்பு மேம்பாட்டுத் திட்ட மானியம். 1996-ஆம் ஆண்டு நலத்திட்டச் சீர்திருத்தத்தில் தொழில்நுட்ப உதவிக்கும் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் என்று ஒதுக்கிய நிதியிலிருந்து வருவது. 2018-இல் இணையம், சமூக ஊடகம் வழியாக மக்களை எட்டும் சோதனைகளுக்காகச் சில மாநிலங்களுக்கும் பூர்வகுடித் திட்டங்களுக்கும் மானியம் கொடுத்தார்கள்.

மூன்றாவது, பிள்ளையைச் சந்திக்கும் உரிமைக்கான மானியம். ஆண்டுக்கு நாடு முழுவதற்கும் 1 கோடி டாலர். மாநிலம் 10 சதவீதம் போட வேண்டும். எவ்வளவு சிறிய மாநிலத்துக்கும் குறைந்தது 1 லட்சம் டாலர் உண்டு. கால் நூற்றாண்டாக விலைவாசி எங்கேயோ போய்விட்டது, இந்த 1 கோடி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பூர்வகுடித் திட்டங்களின் கணக்கு தனி. முதலில் அவர்களும் 10 சதவீதமும் பிறகு 20 சதவீதமும் போட வேண்டியிருந்தது. 2024-இல் அந்தப் பங்கை நீக்கிவிட்டார்கள்.

எங்கள் தமிழ்ச் சங்கம் இந்த மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா?

1115 முடியாது, அது மாநிலத் திட்டங்களுக்கானது. சிறப்பு மேம்பாட்டு மானியம் சில ஆண்டுகளில் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் திறந்திருக்கும். அறிவிக்கையில் ‘தகுதியுள்ளோர்’ பகுதியை முதலில் படியுங்கள். மத்திய அரசின் மானிய இணையதளத்தில்தான் அறிவிப்பு வரும். விண்ணப்பிக்க அமைப்பின் பெயரில் முன்பதிவு தேவை. கடைசி வாரத்தில் பதிவு செய்யத் தொடங்கி நேரத்தைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம்.

நடைமுறையில் நம் போன்ற சங்கங்களுக்கு ஏற்ற வழி மூன்றாவது மானியம்தான். அதை மாநிலம் வாங்கி உள்ளூர் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். சமரசப் பேச்சு, பெற்றோர் வகுப்பு, கண்காணிப்புடன் பிள்ளையைச் சந்திக்கும் இடம் ஆகியவற்றை நடத்த ஆள் தேடுகிறார்கள். நவராத்திரி விழா நடத்தும் மண்டபம் சனிக்கிழமைகளில் சும்மாதானே கிடக்கிறது. ஆனால் ஒன்று: மானியம் வாங்கினால் கணக்கு காட்ட வேண்டும். பொருளாளரைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இத்தனை வருஷம் பணம் கொடுத்து என்ன கண்டுபிடித்தார்கள்? ஒன்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

டெக்சாஸ் கடிதத்தைச் சொல்கிறேன். சிறைக்குப் போனவருக்கு வருமானம் இல்லை, ஆனால் ஆணை பழையபடியே ஓடும். வெளியே வரும்போது ஆயிரக்கணக்கில் பாக்கி காத்திருக்கும். தொகையைக் குறைக்கக் கோரும் படிவத்தை டெக்சாஸ் அலுவலகம் சிறைக்கே தபாலில் அனுப்பியது. நிரப்பித் திருப்பி அனுப்பியவர்கள் நூற்றுக்கு 28 பேர்தான். இலவசமாகக் கிடைக்கும் சலுகையை வேண்டாம் என்பவர்கள் யார் என்று அதிகாரிகளுக்குப் புரியவில்லை.

மத்திய அரசின் ஆய்வுப் பணத்தில் நடத்தை அறிவியல் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கடிதத்தையே எடுத்து மேசையில் வைத்தார்கள். சட்ட மொழி, குழப்பமான வரிசை, என்ன செய்ய வேண்டும் என்பது எங்கோ ஒரு மூலையில். அதை எளிய வாக்கியங்களில் மாற்றி எழுதினார்கள். மற்ற தபால்களிலிருந்து தனித்துத் தெரியும்படி நீலத் தாளில் அச்சிட்டார்கள். அலுவலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த விவரங்களைத் தாங்களே நிரப்பிவிட்டார்கள். ‘ஒரு கடிதம் வருகிறது’ என்று முன்கூட்டியே ஓர் அஞ்சலட்டை, பதில் போடாதவருக்கு நினைவூட்ட இன்னோர் அஞ்சலட்டை. அவ்வளவுதான். 28 பேர் 39 ஆனார்கள்.

சட்டம் மாறவில்லை, ஒரு புதிய அதிகாரியை நியமிக்கவும் இல்லை. மேம்பாட்டு மானியம் எதற்கு என்று என்னிடம் கேட்டால் இதற்குத்தான் என்பேன். இதைப் பார்த்த பிறகு 2014-இல் 1115-ஆம் பிரிவின் கீழ் கலிஃபோர்னியா, ஜார்ஜியா, வெர்மாண்ட், வாஷிங்டன் மாநிலம் உள்ளிட்ட இடங்களுக்கு இதேபோன்ற சோதனைகளுக்கு மானியம் போனது.

வேலையே இல்லாதவரிடம் எப்படி வசூலிப்பது? பிடித்து ஜெயிலில் போட்டால் தானாக வந்துவிடாதா?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். பணத்தை ஒளித்துவைத்திருப்பவரிடம் சிறை பலிக்கலாம். இல்லாதவரைச் சிறையில் போட்டால் கிடைக்கும் வேலையும் போகும். தென் கரோலினாவிலிருந்து போன டர்னர் எதிர் ராஜர்ஸ் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. தொகை கட்டாதவரைச் சிறைக்கு அனுப்பும் வழக்கில், எதிர்த்தரப்புக்கும் வழக்கறிஞர் இல்லையென்றால், அரசு அவருக்கு இலவச வழக்கறிஞர் தந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் அவரால் கட்ட முடியுமா என்பதை முறையாக விசாரிக்காமல் சிறைக்கு அனுப்ப முடியாது.

அதை ஒட்டி இரண்டு பெரிய மானியத் திட்டங்கள் வந்தன. 2012-இல் கலிஃபோர்னியா, கொலராடோ, அயோவா, ஒஹாயோ, தென் கரோலினா, டென்னஸி, டெக்சாஸ், விஸ்கான்சின் ஆகிய எட்டு மாநிலங்களில் கட்ட முடியாத பெற்றோருக்கு வேலை தேட உதவி, பெற்றோர் வகுப்பு, ஆணையைத் திருத்த உதவி ஆகியவற்றை அளித்தார்கள். 2016-இல் ஐந்து மாநிலங்களில், நீதிமன்ற அவமதிப்பு வழக்குக்கு அனுப்பும் நிலையில் இருந்தவர்களை முதலில் அழைத்துக் காது கொடுத்துக் கேட்டு, இரு தரப்பும் ஒப்பும் திட்டம் போட்டுப் பார்த்தார்கள்.

அப்படிச் செய்ததில் வசூல் கூடியதா?

இல்லை. முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். எட்டு மாநிலத் திட்டத்தில் ஆணைத் தொகை குறைந்தது, கட்டிய தொகையும் சற்றே குறைந்தது. ஆணையில் உள்ளதில் எத்தனை பங்கு கட்டினார்கள் என்று பார்த்தால் மாற்றமில்லை. அலுவலகத்தைப் பற்றி அவர்கள் வைத்திருந்த எண்ணம் மட்டும் வெகுவாக மேம்பட்டது. ஐந்து மாநிலத் திட்டத்தில் அவமதிப்பு வழக்குகள் குறைந்தன, வசூல் உயரவில்லை.

தோல்வியா என்றால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வழக்கும் சிறையும் இல்லாமலேயே வசூல் ஏறக்குறைய பழைய அளவில் நின்றது என்றால், அந்த வழக்கும் சிறையும் இத்தனை நாள் எதற்கு என்ற கேள்வி எழுகிறது அல்லவா? ஆனால் மாதக் கடைசியில் வாடகைக்குத் தவிக்கும் அம்மாவிடம் போய் “அவருக்கு அலுவலகத்தின் மேல் நல்லெண்ணம் வந்திருக்கிறது” என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அந்தக் கோபமும் நியாயம்தான்.

விதிகளும் இந்தத் திசையில்தான் நகர்ந்தன. 2016 டிசம்பரில் வந்த விதி, ஆணைத் தொகையை வருமானத்துக்கு ஏற்பப் போடச் சொன்னது. சிறையில் இருப்பதை ‘வேண்டுமென்றே வேலை செய்யாதது’ என்று கருதக் கூடாது என்றது. 2024 டிசம்பரில் வந்த விதி, வேலைப் பயிற்சிச் செலவையும் அந்த 66 சதவீதக் கணக்கில் சேர்க்க மாநிலங்களுக்கு இடம் தந்தது. முன்பு மானியம் கிடைத்தால்தான் செய்ய முடிந்த காரியம் அது.

எனக்கு லேஆஃப் ஆகிவிட்டது. தொகை தானாகக் குறையுமா?

குறையாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். 1986-இல் வந்த பிராட்லி திருத்தத்தின்படி, கெடு தாண்டிய ஒவ்வொரு தவணையும் தீர்ப்பு போலவே நிலைத்துவிடும். பிறகு எந்த நீதிபதியும் பின்தேதியிட்டு அதைக் குறைக்க முடியாது. நீங்கள் திருத்த மனுக் கொடுத்து, அந்தத் தகவல் எதிர்த்தரப்புக்குப் போன நாளிலிருந்துதான் குறைக்க வழியுண்டு.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் வேலை போனதும் 60 நாள் கெடுவைப் பற்றியே கவலைப்பட்டு இதை மறந்துவிடுகிறார்கள். வேறு வேலை கிடைத்துவிடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாலைந்து மாதம் விட்டால் அத்தனையும் பாக்கி. வேலை போன வாரமே மனுக் கொடுங்கள்.

சம்பளத்தில் எவ்வளவு வரை பிடிக்க முடியும்? வேலை மாறினால் தப்பிக்கலாம் என்கிறார்களே.

வரி போன்ற கட்டாயப் பிடித்தங்கள் போக மிஞ்சும் சம்பளத்தில், வேறு மனைவியோ பிள்ளையோ இருந்து அவர்களையும் காப்பாற்றுகிறவர் என்றால் 50 சதவீதம், இல்லையென்றால் 60 சதவீதம். 12 வாரத்துக்கு மேல் பாக்கி இருந்தால் இரண்டிலும் 5 கூடும். இது மத்திய அரசின் உச்சவரம்பு. மாநில வரம்பு இதைவிடக் குறைவாக இருக்கலாம்.

தப்பிக்க முடியாது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் பற்றி நிறுவனம் 20 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பட்டியல் தேசிய அளவில் ஒப்பிடப்படுகிறது.

பிள்ளையைக் கண்ணில் காட்டுவதே இல்லை. நான் மட்டும் எதற்குக் கட்ட வேண்டும்?

அப்பாக்கள் அதிகம் கேட்பது இது. கேட்கும்போது குரல் உடையும். சட்டத்தின் கண்ணில் தொகை வேறு, சந்திப்பு வேறு. பார்க்க விடாததால் கட்டாமல் இருக்க முடியாது. கட்டாததால் பார்க்க விடாமல் இருக்கவும் முடியாது. தொகையை நிறுத்தினால் உங்கள் பக்க நியாயமும் நீதிமன்றத்தில் மெலிந்து போகும்.

ஆறாம் கேள்வியில் சொன்ன 1 கோடி டாலர் மானியம் இதற்காகத்தான். சமரசம், ஆலோசனை, சந்திப்பு அட்டவணை எழுத உதவி, பிள்ளையை ஒப்படைக்கப் பொதுவான இடம் எல்லாம் அதில் அடக்கம். பராமரிப்புத் தொகை அலுவலகத்தில் “சந்திப்பு உரிமைத் திட்டம் இங்கே யார் நடத்துகிறார்கள்?” என்று கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டார்கள்.

அவர் கை நீட்டுகிறவர். மனுக் கொடுத்தால் என் முகவரி அவருக்குத் தெரிந்துவிடுமோ?

மனுக் கொடுக்கும்போதே வன்முறை பற்றிச் சொல்லிவிடுங்கள். உங்கள் கோப்பில் குடும்ப வன்முறைக் குறியீடு போடுவார்கள். அது இருந்தால் தேசியத் தேடல் தளத்திலிருந்து உங்கள் முகவரி வெளியே போகாது. ரொக்க உதவி பெறுவதால் கட்டாயமாக ஒத்துழைக்க வேண்டியவர்களும், ஆபத்து இருந்தால் தக்க காரணம் காட்டி விலக்குக் கேட்கலாம். மிரட்டலுக்குப் பயந்து பிள்ளையின் தொகையை விட்டுக்கொடுக்கும் பெண்கள் பாதுகாப்பாகக் கேட்டுப் பெற வழி செய்ய, 2022-இல் தனி மானியத் திட்டம் ஒன்றும் தொடங்கியது.

பாக்கி வைத்தால் பாஸ்போர்ட்டை முடக்குவார்களாமே? இந்தியப் பாஸ்போர்ட்டையுமா?

2,500 டாலருக்கு மேல் பாக்கி இருந்தால் அமெரிக்கப் பாஸ்போர்ட் தர மறுப்பார்கள். 2006-க்கு முன் இந்த வரம்பு 5,000-ஆக இருந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இது பொருந்தாது. அதற்காக நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். வருமான வரியில் திரும்ப வரும் பணத்தைப் பிடிப்பார்கள், வங்கிக் கணக்கைத் தேடுவார்கள், ஓட்டுநர் உரிமத்தை நிறுத்திவைப்பார்கள். பின்னாளில் குடியுரிமை கேட்கும்போது, வேண்டுமென்றே பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்டது ‘நன்னடத்தை’ இல்லை என்பதற்குக் காரணமாகலாம்.

அவர் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கே போய்விட்டார். இப்போது?

இங்கேதான் இந்த இயந்திரம் தடுமாறும். பராமரிப்புத் தொகையை நாடு கடந்து வசூலிக்கும் 2007-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை அமெரிக்காவுக்கு 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவில், தீர்ப்புகளைப் பரஸ்பரம் ஏற்று நிறைவேற்றும் நாடாக அமெரிக்கா அறிவிக்கப்படவும் இல்லை. ஆகவே உங்கள் மாநில அலுவலகம் சென்னை நீதிமன்றத்துக்கு ஆணையை அனுப்பி நிறைவேற்றச் சொல்ல முடியாது. எந்த மேம்பாட்டு மானியமும் இந்த இடைவெளியை அடைக்காது. அது இரு அரசுகளின் வேலை.

அமெரிக்காவில் அவர் விட்டுச் சென்றதை முதலில் பாருங்கள்: வங்கிக் கணக்கு, ஓய்வூதியச் சேமிப்பு, வீடு. சென்னையில் இருந்துகொண்டே அமெரிக்கச் சம்பளப் பட்டியலில் இருந்தால் பிடித்தம் தொடரும். அதுவும் இல்லையென்றால் இரண்டு வழி. அமெரிக்கத் தீர்ப்பை ஆதாரமாக வைத்து அங்கே புதிதாக வழக்குத் தொடுப்பது. அவர் பங்கேற்காமல் ஒருதலைப்பட்சமாக வந்த தீர்ப்பு என்றால் அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின் கீழ் அதை எதிர்ப்பார்கள். அல்லது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-க்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் ஜீவனாம்ச மனு. அங்கே உங்களுக்காகத் தேடி வசூலிக்கும் அலுவலகம் கிடையாது. ஒவ்வொரு பாக்கிக்கும் நீங்களேதான் நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

எங்கள் மாநிலம் ஒழுங்காகச் செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தந்தைமையை உறுதி செய்தது, ஆணை பெற்றது, நடப்புத் தொகை வசூல், பாக்கி வசூல், செலவுக்கு ஏற்ற வரவு. மூன்றாம் கேள்வியில் சொன்ன ஐந்து அளவுகோல்கள் இவைதாம். மாநிலவாரியான எண்களை மத்திய அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023 முதல் அதன் பெயரில் ‘அமலாக்கம்’ போய் ‘சேவைகள்’ வந்திருக்கிறது.

நடப்புத் தொகை வசூலைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இதில் 80 சதவீதம் எடுத்தால் அந்த அளவுகோலுக்கு முழு ஊக்கத்தொகை. பெரும்பாலான மாநிலங்கள் அதை எட்டுவதில்லை. ஒன்றை மறக்காதீர்கள்: இந்த அட்டவணையில் பிள்ளை அப்பாவோடு பேசுகிறதா என்பதற்கு மதிப்பெண் இல்லை. எதற்கு மதிப்பெண்ணோ அதற்குத்தான் அலுவலகம் ஓடும்.

என்னை ஏதோ ஒரு ‘முன்னோடித் திட்டத்தில்’ சேரச் சொல்கிறார்கள். சேரலாமா? மானியம் முடிந்தால் நடுத்தெருவில் விட்டுவிடுவார்களா?

பெரும்பாலும் சேரலாம். ஆனால் முதலில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிக்கும் ஆய்வா? எட்டு மாநிலத் திட்டத்தில் ஒப்புதல் தந்தவர்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கூடுதல் உதவியும் மறு பாதிக்கு வழக்கமான சேவையும் கொடுத்தார்கள். உங்களுக்கு இரண்டாவது விழலாம். அடுத்து, உங்கள் தகவலை யார் பார்ப்பார்கள், விலகினால் கோப்புக்குப் பாதிப்பு உண்டா? கடைசியாக, திட்டத்தில் இருக்கும்போது ஆணைத் தொகை அப்படியே ஓடுமா? அப்படியே ஓடும் என்றால் திட்டத்தில் சேர்ந்ததையே காரணமாக நினைத்துக்கொண்டு திருத்த மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். பிராட்லி திருத்தத்துக்கு முன்னோடித் திட்டம் எதுவும் தெரியாது.

மானியம் சில ஆண்டுகளுக்குத்தான். அது முடிந்தால் வகுப்பும் வேலை ஆலோசகரும் போகலாம். உங்கள் கோப்பும் ஆணையும் வசூலும் போகாது, அவை 66 சதவீதப் பணத்தில் நடப்பவை. திட்டம் மூடும் முன், அது நடக்கும்போது ஏற்பட்ட ஆணைத் திருத்தம், தவணை ஒப்பந்தம் எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் வாங்கிவையுங்கள். அடுத்து வரும் அலுவலருக்குப் பழைய அலுவலர் வாயால் சொன்னது எதுவும் தெரிந்திருக்காது.